நாவற்பழம்: அதன் நற்பயன்களும் உபயோகங்களும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களில், பெங்களூர் நகரத் தெருக்களில் கருநீல நிறப் பழங்களைக் குவித்த தள்ளுவண்டிகள் தோன்றத் தொடங்குகின்றன. நகர ரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ் மக்கள் இதனை நாவற்பழம் என்றும், நாகப்பழம் என்றும் கூறுவர். கன்னட மக்கள் 'நேரளே ஹண்ணு' என்பர். தெலுங்கு மக்கள் 'நேரேடு' என்பர். எப்பெயரால் அழைப்பினும், இப்பழத்தை வாங்குவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு: நாவற்பழம் நீரிழிவு நோய்க்கு நல்லது என்பதே அது. பழத்தோடு, அதன் கொட்டையை உலர்த்தி இடித்த தூளும் பொட்டலங்களாக விற்கப்படுகிறது.

இந்நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும், மக்கள் எண்ணுகின்ற அளவுக்கு அது நிரூபிக்கப்பட்டதுமன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அறியாமல், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுக் கொட்டைத் தூளை மட்டும் நம்புவோர் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்ளக் கூடும். மற்றொரு புறம், உணவாகவும் தொழிற்பொருளாகவும் நன்கு பயன்படக்கூடிய இப்பழத்தில் பெரும்பகுதி, மரத்தடியில் உதிர்ந்து நசுங்கி வீணாகிறது. ஆகவே, நாவல் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தறிவது அவசியமாகின்றது.

பெயரால் நேரும் குழப்பம்

ஆங்கில நூல்கள் சிலவற்றில் நாவற்பழம் 'இந்திய பிளாக்பெரி' எனக் குறிப்பிடப்படுவதுண்டு. இதனால், மேல்நாட்டுப் பத்திரிகைகள் பிளாக்பெரிப் பழத்தின் குணங்களாகக் கூறுவன யாவும் நாவலுக்கும் பொருந்தும் எனப் பலர் கருதிவிடுகின்றனர். உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை.

மேல்நாட்டு பிளாக்பெரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியில் காய்ப்பது. சிறு சிறு மணிகள் பல ஒன்றாய்த் திரண்டு ஒரே பழம்போல் தோன்றும் திரள்கனி அது. ஒவ்வொரு மணியிலும் ஒரு சிறு வித்து இருக்கும். 100 கிராம் பிளாக்பெரியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்துப் பொருள்களும், 5 கிராம் நார்ப்பொருளும், 21 மில்லிகிராம் வைட்டமின் 'சி'யும் உள்ளன. வித்துக்களையும் சேர்த்தே உண்பதால், நார்ப்பொருள் மிகுதியாகக் கிடைப்பதே இப்பழத்தின் முக்கியமான சிறப்பாகும்.

இவ்வினத்தைச் சேர்ந்த முட்செடிகள் நம் நாட்டிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இமயமலைச் சாரலிலும் வளரும் ஒரு செடி, உலகெங்கும் 'மைசூர் ராஸ்பெரி' என்ற பெயராலேயே அறியப்படுகிறது. இதன் பழம் முதலில் சிவந்து, நன்கு பழுத்தபின் கறுத்துவிடும். கறுத்த நிலையில் இது பிளாக்பெரியை மிகவும் ஒத்திருக்கும். எனினும் இதன் பழங்கள் மிக மென்மையானவை. மலைப்பகுதிகளைத் தாண்டிச் சந்தைக்கு வருவது அரிது. ஆதலின் சமவெளி மக்களுக்குக் 'கறுப்புப் பழம்' என்பது நாவலேயாகும்.

மரமும் பழமும்

நாவல் மரம் மிர்ட்டேசி எனப்படும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிராம்பு, கொய்யா, யூகலிப்டஸ் ஆகியவை இதன் உறவு மரங்கள். இதன் தாவர இயற்பெயர் சிசீஜியம் கூமினி என்பதாகும். பழைய நூல்களில் யூஜீனியா ஜாம்போலானா என்ற பெயரும் காணப்படும். இந்தியா, இலங்கை, பர்மா முதலிய நாடுகளே இதன் தாயகம். 'ஜம்பு' என்ற வடமொழிச் சொல் நாவலைக் குறிக்கும். நம் நாட்டுக்கு 'நாவலந்தீவு' என்றும் 'ஜம்புத்வீபம்' என்றும் பண்டையோர் பெயரிட்டதிலிருந்து, இம்மரம் எத்துணைத் தொன்மையாக இங்கு அறியப்பட்டிருந்தது என்பது விளங்கும். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவல் கோயிலின் தலமரம் வெண்ணாவல். ஔவையாரிடம் சிறுவன் ஒருவன் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என வினவியதாக வழங்கும் கதையிலும் வருவது நாவற்பழமே.

நாவல் எப்பொழுதும் பசுமையாயிருக்கும் பெருமரமாகும். மாசி, பங்குனி மாதங்களில் வெண்ணிறமான சிறு பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். தேனீக்கள் இப்பூக்களைப் பெரிதும் நாடும். மஹாராஷ்டிர மாநிலத்து மஹாபலேஸ்வர் பகுதியில் கிடைக்கும் நாவல் தேன் புகழ் பெற்றது. பூத்த மூன்று மாதங்களில் காய்கள் பச்சை நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகவும், பின்னர் கருநீலமாகவும் மாறிப் பழுக்கும். விதையிலிருந்து தானே முளைத்த மரங்களில் பழம் சிறியதாகவும் கொட்டை பெரியதாகவும் இருக்கும். தேர்ந்தெடுத்த இனங்களில் சதைப்பற்று மிகுந்து, கொட்டை சிறுத்திருக்கும்.

நிறமும் துவர்ப்பும்

நாவற்பழத்தை உண்டால் நாக்கு ஊதாநிறம் அடைவதையும், தொண்டை வறள்வதையும் யாவரும் அறிவர். இவ்விரு விளைவுகளுக்கும் காரணமாயுள்ள பொருள்களே இப்பழத்தின் சிறப்பான இரசாயனப் பொருள்களாகும்.

பழத்தோலின் கருநீல நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் ஏற்படுவது. கறுப்புத் திராட்சை, பிளாக்பெரி, ஊதாக் கத்தரிக்காய் ஆகியவற்றின் நிறமும் இவ்வகை நிறமிகளாலேயே அமைகிறது. அமிலத்தோடு சேரும்போது சிவப்பாகவும், காரப் பொருளோடு சேரும்போது நீலமாகவும் மாறுவது இந்நிறமிகளின் இயல்பு. இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். சிறிது நாவற்சாற்றை நீரில் கலந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் சில துளி எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை சோடா உப்பும் இட்டால், முதலாவது செந்நிறமாகவும் இரண்டாவது நீலம் கலந்த நிறமாகவும் மாறக் காணலாம். துணியில் பட்ட நாவற்கறை, சோப்பு இட்டவுடன் நீலமாக மாறுவதும் இதனாலேயே. சோப்பு ஒரு காரப் பொருளாகும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். வாயில் சுரக்கும் உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்கள் உள்ளன. டானின் இப்புரதங்களோடு சேர்ந்து அவற்றைத் திரளச் செய்துவிடுவதால் வழவழப்பு நீங்கி, வாய் உலர்ந்து சுருங்குவது போன்ற உணர்ச்சி தோன்றுகிறது. பழம் முற்றப் பழுக்கும்போது துவர்ப்புக் குறைந்து இனிப்பு மிகுகிறது. நாவற்பழத்தை உப்பில் குலுக்கி உண்ணும் வழக்கம், துவர்ப்பும் கைப்பும் தோன்றாதவாறு செய்யும் எளிய உபாயமாகும்.

டானினும் ஆந்தோசயனினும், உடலில் உண்டாகும் சில தீங்கு பயக்கும் ஆக்ஸிஜன் சேர்மங்களை அடக்கும் தன்மை உடையன எனச் சோதனைக் குழாய் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால், சோதனைக் குழாயில் நிகழ்வது அனைத்தும் உடலினுள்ளும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளலாகாது. இப்பொருள்களில் சிறு பகுதியே குடலிலிருந்து இரத்தத்தில் சேருகிறது. பல நிறமுள்ள பழங்களையும் காய்கறிகளையும் நாள்தோறும் உண்பது நலம் என்ற பொதுவான அறிவுரைக்கு மேல், இதனின்று வேறெதையும் இப்பொழுது உறுதியாகக் கூறவியலாது.

உணவுச் சத்து

100 கிராம் நாவற்பழச் சதையில் ஏறத்தாழ 84 கிராம் நீரும், 14 கிராம் மாவுச்சத்துப் பொருள்களும் உள்ளன. புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. கொழுப்பு மிக மிகக் குறைவு. இதனால் கிடைக்கும் சக்தி சுமார் 62 கலோரி. வைட்டமின் 'சி' 18 மில்லிகிராம் அளவில் உள்ளது.

இவ்வெண்களைப் பிற பழங்களோடு ஒப்பிட்டால் நாவலின் நிலை தெளிவாகும். 100 கிராம் வாழைப்பழத்தில் 27 கிராமும், சப்போட்டாவில் 21 கிராமும், மாம்பழத்தில் 17 கிராமும், கொய்யாவில் 11 கிராமும் மாவுச்சத்துப் பொருள்கள் உள்ளன. நாவல், மாம்பழத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் கொய்யாவைவிடச் சற்று மிகுதியாகவும் உடையது. வைட்டமின் 'சி'யைப் பொறுத்தமட்டில், நெல்லிக்கனி 600 மில்லிகிராமும் கொய்யா 212 மில்லிகிராமும் தருகின்றன. வயது வந்த ஆடவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. அதில் கால் பங்குக்கும் குறைவாகவே 100 கிராம் நாவற்பழம் அளிக்கிறது.

நாவற்பழம் இரத்தத்தை விருத்தி செய்யும் இரும்புச் சத்து மிகுந்தது என்ற கருத்தும் பரவலாக உள்ளது. பழத்தின் கறுத்த நிறமும், கத்தியால் நறுக்கும்போது உண்டாகும் கறுப்பும் இக்கருத்துக்கு இடம் தந்திருக்கக் கூடும். ஆனால் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனினேயன்றி இரும்பன்று. இரும்புக் கத்தி பட்டுப் பழம் கறுப்பது, கத்தியிலுள்ள இரும்போடு பழத்தின் டானின் சேர்வதால் நிகழ்வது. 100 கிராம் நாவற்பழத்தில் உள்ள இரும்பு ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. வயது வந்த பெண்டிருக்கோ நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை. மேலும், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதை டானின் ஓரளவு தடுக்கக் கூடியது. ஆகவே, இரத்தசோகை உள்ளவர்கள் நாவற்பழத்தை மருந்தாக நம்பியிராமல், கீரை, கேழ்வரகு, பயறு, இறைச்சி முதலிய உணவுகளை உட்கொள்வதும், மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளை உண்பதுமே முறையாகும்.

சுருங்கக் கூறின், நாவல் பருவகாலத்தில் உண்ணத் தகுந்த நல்ல பழம், அற்புதப் பழமன்று. ஒரு கைப்பிடி அளவு உண்பதால் தீங்கில்லை. அளவுக்கு மிஞ்சினால் மலச்சிக்கலும் வயிற்று உபாதையும் தோன்றலாம். சிறு குழந்தைகளுக்குக் கொட்டையை நீக்கியே தருதல் வேண்டும்; வழுக்கும் தன்மையுள்ள கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ள ஏதுவாகும்.

நீரிழிவும் நாவற்கொட்டையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. அவற்றின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி மக்கள் நீரிழிவு நோய் உடையவர்கள், மேலும் 13.6 கோடி மக்கள் அந்நோய்க்கு முந்திய நிலையில் உள்ளனர். இத்துணைப் பேரைப் பற்றியுள்ள ஒரு நோயைக் குணப்படுத்துவதாகக் கூறப்படும் எப்பொருளும் மிகுந்த கவனத்தோடு பரிசீலிக்கப்பட வேண்டியதாகும்.

உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடலின் உயிரணுக்கள் ஏற்றுக்கொள்வதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் தேவை. இன்சுலின் சுரவாமலோ, சுரந்தும் சரிவர வேலை செய்யாமலோ போகும்போது இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர், இந்நோய்க்கு உலகில் எங்கும் திறமையான மருந்து இருக்கவில்லை. அக்காலத்தில், நம் நாட்டு வைத்தியர்கள் நீண்டகாலமாகக் கையாண்டுவந்த நாவற்கொட்டையை ஐரோப்பிய மருத்துவர்களும் வரவழைத்துச் சோதித்துப் பார்த்தனர். ஆயுர்வேத மருந்து நூலில் நாவற்கொட்டையும் மரப்பட்டையும் இன்றும் இடம் பெற்றுள்ளன.

கொட்டையிலுள்ள ஜாம்போலின் என்னும் பொருள், மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைத் தடுக்கிறது என்று பழைய நூல்கள் கூறுகின்றன. அண்மைக் காலங்களில் எலிகளுக்குக் கொட்டையின் சாற்றைக் கொடுத்துச் செய்த சோதனைகள் பலவற்றில், இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மையே. ஆனால் இச்சோதனைகளை எடைபோடுகையில் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, அவ்வெலிகளுக்கு இரசாயனப் பொருள்களால் கணையத்தைச் சிதைத்துச் செயற்கையாக நீரிழிவு உண்டாக்கப்படுகிறது. மனிதர்க்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவு அத்தகையதன்று. இரண்டாவது, உடல் எடைக்குத் தக்கவாறு கணக்கிட்டால், எலிகளுக்குத் தரப்படும் அளவு பெரும்பாலும் மிகப் பெரியது. மனிதரிடையே நடத்தப்பட்ட சோதனைகளோ சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு, குறுகிய காலத்துக்கு நடத்தப்பட்டவை. அவற்றைக் கொண்டு ஒரு மருந்தின் அளவையோ, தீங்கின்மையையோ வரையறுக்கவியலாது.

இவ்வகையில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சி பெரிதும் கவனிக்கத்தக்கது. நாவல் மரம் அந்நாட்டிலும் பரவலாக வளர்கிறது. அதன் இலையிலிருந்து வடிக்கும் தேநீரை நீரிழிவு நோயாளிகள் அருந்துவது அங்கு வழக்கம். போர்ட்டோ அலெக்ரே நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இவ்வழக்கத்தைச் சோதனைக்கு உட்படுத்தினர். நோயாளிகள் சிலருக்கு நாவல் இலைத் தேநீரும், சிலருக்கு வழக்கமான நீரிழிவு மாத்திரையும், சிலருக்கு மருந்தற்ற போலிப் பொருளும் தரப்பட்டன. யாருக்கு எது தரப்பட்டது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு ஏற்பாடு செய்யப்பட்டது. நான்கு வாரங்களுக்குப் பின்னர், மாத்திரை உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை குறைந்திருந்தது. நாவல் தேநீர் அருந்தியவர்களுக்குக் குறையவில்லை. இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதே குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முந்தைய ஆராய்ச்சியிலும் எவ்விதப் பயனும் காணப்படவில்லை.

இது இலையைப் பற்றிய முடிவேயன்றிக் கொட்டையைப் பற்றியதன்று. எனினும், மக்கள் பல்லாண்டுகளாக நம்பிவந்த ஒன்று முறையான சோதனையில் நிலைக்காமற்போகக் கூடும் என்பதை இது நன்கு புலப்படுத்துகிறது. கொட்டையைப் பற்றியும் இத்தகைய சோதனை பெரிய அளவில் நடத்தப்படும் வரையில், அதனை மருந்தென ஏற்பதற்கில்லை.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை இவை. நாவற்பழத்தை அளவோடு உண்ணலாம். ஆனால் அதிலுள்ள சர்க்கரையையும் அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான உணவுக்கு மேல் கூடுதலாக உண்ணலாகாது. கொட்டைத் தூளை உபயோகிப்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தலாகாது. இளம் வயதில் தோன்றும் முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்துவது, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். நெடுநாள் நோயாளிகளிடத்தில் இத்தகைய தீங்கு உடனே வெளிப்படாது. கண், சிறுநீரகம், பாத நரம்புகள் ஆகியவை சிறிது சிறிதாகப் பழுதடைந்தபின்னரே தெரியவரும்.

பழம் வீணாவதேன்?

மா, வாழை போன்ற பழங்களைக் காயாகப் பறித்துப் பழுக்கவைக்க இயலும். நாவல் அத்தகையதன்று. பறித்தபின் பழுக்காத பழவகையைச் சேர்ந்தது இது. ஆகவே முற்றப் பழுத்த பின்னரே பறித்தாக வேண்டும். அந்நிலையில் தோல் மிக மெல்லியதாயிருக்கும். சாதாரண உஷ்ணநிலையில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பழம் தாங்குவதில்லை. ஒரு மரத்துப் பழங்கள் யாவும் ஒரே சமயத்தில் பழுப்பதுமில்லை. ஆதலால் பல நாட்கள் தொடர்ந்து பறிக்க வேண்டியிருக்கிறது. மரமோ உயரமானது, கிளைகள் எளிதில் முறியக்கூடியவை. ஏறிப் பறிப்பது ஆபத்து. உலுக்கினால் பழம் சிதைந்துவிடும்.

பெங்களூர், புது டில்லி போன்ற நகரங்களில் சாலையோரங்களில் நிழலுக்காக நாவல் மரங்கள் நிற்கின்றன. புது டில்லி நிருமாணிக்கப்பட்டபோது, அதன் முக்கிய வீதிகள் சிலவற்றில் நாவல் வரிசையாக நடப்பட்டது. பருவத்தில் இம்மரங்களின் கீழே உதிரும் பழங்கள் சாலையை வழுக்கச் செய்கின்றன. மரத்தடியில் நான்கு பக்கமும் வலை விரித்துக் கட்டி, சிறு கிளைகளை மெல்ல அசைத்துப் பழங்களைச் சேகரிப்பதே இதற்கு ஏற்ற முறை. இதனால் பழமும் சிதையாது. வழிப்போக்கர்களுக்கும் இடையூறு நேராது.

பறித்த பழங்களைத் தரம் பிரித்து, ஆழமற்ற கூடைகளில் மெல்லிய அடுக்காக வைத்து அனுப்புதல் வேண்டும். துளையிட்ட பாலிதீன் பைகளில் இட்டு, 8 முதல் 10 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையில் ஈரப்பதத்தோடு வைத்தால் மூன்று வாரம் வரை கெடாமலிருக்கும்.

சாறும் காடியும்

விற்றது போக எஞ்சும் பழத்தைப் பதப்படுத்திப் பாதுகாப்பது சிறு தொழிலாக நடத்தத் தக்கது. 1950ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், பழங்களைப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ந்தும், தொழில் செய்ய விரும்புவோர்க்குப் பயிற்சி அளித்தும் வருகிறது.

நாவற்சாறு எடுக்கையில் முதலில் கவனிக்க வேண்டியது பாத்திரம். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களை உபயோகிக்கலாகாது. டானின் உலோகத்தோடு சேர்ந்து சாற்றின் நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. நன்கு பழுத்த பழங்களைக் கழுவி, மரக்கரண்டியால் நசுக்கி, ஏறத்தாழ 70 டிகிரி வரை சில நிமிடங்கள் சூடாக்க வேண்டும். இதனால் தோலிலுள்ள நிறமி சாற்றில் நன்கு இறங்கும். கொதிக்க விட்டால் மணம் குன்றும். பின்னர் துணியில் வடிகட்டிக் கொட்டையையும் தோலையும் நீக்கிவிடலாம்.

'ஸ்குவாஷ்' என்னும் கெட்டிச் சர்பத் செய்வதற்கு, ஒரு கிலோ சாற்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் நீர், 20 கிராம் சிட்ரிக் அமிலம் ஆகியவை தேவை. சர்க்கரை, நீர், அமிலம் மூன்றையும் காய்ச்சிப் பாகாக்கி வடிகட்டி, ஆறியபின் சாற்றைக் கலக்க வேண்டும். கெடாமல் பாதுகாக்க 2 கிராம் சோடியம் பென்ஸோயேட்டைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்த்து, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டிகளில் நிரப்பி மூடிவைக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் ஸ்குவாஷுக்குக் கந்தக உப்பைப் பாதுகாப்புப் பொருளாக உபயோகிப்பதுண்டு. நாவலுக்கு அது கூடாது; கந்தக வாயு ஆந்தோசயனின் நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். விற்பனைக்குத் தயாரிப்போர், ஸ்குவாஷில் குறைந்தது 25 சதவிகிதம் பழச்சாறும், 40 சதவிகிதம் கரைந்த திடப்பொருளும் இருக்க வேண்டும் என்ற உணவுச் சட்ட விதியை மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் மீண்டும் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மேற்கூறிய ஸ்குவாஷில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையாகும். நாவல் என்ற பெயரைக் கண்டு, நீரிழிவுக்கு நல்லதென நினைத்து இதனை அருந்துவோர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான விளைவையே அடைவர்.

வட இந்தியாவில் நாவற்சாற்றைப் புளிக்கவைத்துக் காடி தயாரிப்பது நெடுநாளைய வழக்கம். முதலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. பின்னர் காற்றின் துணையோடு வேறொரு வகை நுண்ணுயிர், ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக மாற்றுகிறது. ஆகவே இரண்டாம் நிலையில் பாத்திரத்தை இறுக மூடாமல், மெல்லிய துணியால் கட்டிவைக்க வேண்டும். செந்நிறமும் நறுமணமும் கொண்ட இக்காடி ஊறுகாய்க்கும் சட்டினிக்கும் ஏற்றது. விற்பனைக்குரிய காடியில் 3.75 சதவிகிதத்துக்குக் குறையாமல் அசெட்டிக் அமிலம் இருத்தல் வேண்டும்.

வளர்ப்பு முறை

நாவல் பலவகை மண்ணிலும் வளரும். சிறிது உவர் நிலத்தையும், நீர் தேங்கும் நிலத்தையும் தாங்கக் கூடியது. விதைகள் விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடுமாதலால், பழத்திலிருந்து எடுத்த இரண்டு வாரங்களுக்குள் விதைத்தல் வேண்டும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் முளைப்பதும் உண்டு.

விதைக்கன்றுகள் காய்ப்பதற்கு 8 முதல் 10 ஆண்டுகள் வரை ஆகும். ஒட்டுக் கன்றுகள் 4, 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஒட்டு மரம் உயரம் குறைந்து படர்வதால் பறிப்பதும் எளிது. விதை மரங்களை 10 மீட்டர் இடைவெளியிலும், ஒட்டு மரங்களை 8 மீட்டர் இடைவெளியிலும் நடலாம். நன்கு வளர்ந்த விதை மரம் ஆண்டுக்கு 80 முதல் 100 கிலோ வரை பழம் தரும். ஒட்டு மரம் 60 முதல் 70 கிலோ வரை தரும்.

சிறந்த இனங்களைத் தேர்ந்தெடுக்கும் பணி நாட்டில் பல இடங்களில் நடைபெற்று வந்துள்ளது. கொங்கண் பகுதியில் 'கொங்கண் பஹாடோலி'யும், குஜராத்தின் கோத்ராவில் 'கோமா பிரியங்கா'வும், லக்னோவில் 'ஜாம்வந்த்' என்னும் இனமும் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் 'தூபதாள்' நாவல் பெயர் பெற்றது. மஹாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்துப் பஹாடோலி நாவலுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அணுகி, ஒட்டுக் கன்றுகளைப் பற்றியும் பயிரிடும் முறைகளைப் பற்றியும் விவசாயிகள் விவரம் அறிந்துகொள்ளலாம்.

மரத்தின் பிற உபயோகங்கள்

நாவல் மரத்தின் கட்டை உறுதியானது. நீரில் கிடந்தாலும் எளிதில் அழுகாதது. இக்காரணத்தால் கிணறுகளின் அடித்தளத்துக்கும், படகுகளுக்கும், விவசாயக் கருவிகளுக்கும் இது பயன்பட்டு வந்துள்ளது. டானின் மிகுந்த பட்டை தோல் பதனிடுவதற்கும், மீன் வலைகளுக்குச் சாயம் ஏற்றுவதற்கும் உதவியது. பட்டைக் கஷாயத்தை வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும், வயிற்றுப்போக்கை நிறுத்தவும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவர். இலைகள் கால்நடைத் தீவனமாகும். காற்றைத் தடுக்கும் வேலி மரமாகவும், நிழல் மரமாகவும் இது மிகச் சிறந்தது. பழந்தின்னி வௌவால்களுக்கும் பறவைகளுக்கும் கோடையின் இறுதியில் உணவளிப்பதும் இம்மரமே.

ஒரு பழத்தின் மதிப்பை உயர்த்துவதற்கு அதனை மருந்து எனக் கூற வேண்டிய அவசியம் இல்லை. பருவத்தில் மலிவாகக் கிடைத்து, நாவுக்கு இனிமை தந்து, சாறாகவும் காடியாகவும் குடும்பத்துக்கு வருவாய் ஈட்டித் தரவல்ல பழமே நாவல். அதன் கொட்டையில் மருத்துவக் குணம் உண்டா என்பது ஆராய்ச்சியால் முடிவு செய்யப்பட வேண்டிய வினாவாக இன்னும் இருந்துவருகிறது. அதுவரையில், பழத்தை உணவாக உண்டு, மருந்தை மருத்துவர் சொற்படி உட்கொள்வதே அறிவுடைமையாகும்.